ஆறு கியூபிட்களும் ஒரு குழுவும்

2024 ஆகஸ்ட் 28ஆம் நாள் இந்தியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் புனேயில் இயங்கும் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகமும் சேர்ந்து, மீக்கடத்திச் சுற்றுகளால் ஆன, கியூபிட் எனப்படும் குவாண்டம் தகவல் அலகுகள் ஆறு கொண்ட குவாண்டம் செயலியைத் தொடக்கம் முதல் முடிவு வரை சோதித்து முடித்திருந்தன. வெளியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்பி விடை பெறும் மேகக்கணி இடைமுகத்தை டி.சி.எஸ். நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. அதற்கு எட்டு மாதத்துக்கும் மேல் முன்பே ஐ.பி.எம். 1,121 கியூபிட் கொண்ட காண்டர் சில்லை அறிமுகப்படுத்திவிட்டது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு ஆறு ஒரு செய்தியாகவே தோன்றாது.

ஆனாலும் இந்த அத்தியாயத்தை அந்த ஆறைச் சுற்றியே எழுதுகிறேன். ஆயிரம் கியூபிட் சில்லுக்குப் பின்னால் பெருநிறுவனத்தின் பணமும் ஆள்பலமும் இருக்கும். அங்கே தலைமையின் பங்கு எது, பணத்தின் பங்கு எது என்று பிரித்தறிவது கடினம். சிறிய குழுவில் அது வெளிச்சமாகத் தெரியும். எதை நம் கையால் செய்வது, எதை வெளியில் வாங்குவது, எந்தப் போட்டியில் இறங்காமல் இருப்பது: குவாண்டம் வன்பொருள் குழுவை நடத்துகிறவரின் வேலையில் பெரும்பகுதி இந்த மூன்று முடிவுகள்தாம். கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்கும் இந்த நாளில், ஜொகூர் வாசகர்கள் அந்த முடிவுகளைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். மீக்கடத்தி கியூபிட்டின் உயிர்நாடி ஜோசப்சன் சந்தி. இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே ஒன்று அல்லது இரண்டு நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு. அவ்வளவுதான் அதன் அமைப்பு. வெற்றிடக் கலத்துக்குள் அலுமினியத்தை ஆவியாக்கிச் சாய்வாகப் படியவிடுவார்கள். பிறகு சிறிதளவு ஆக்சிஜனை உள்ளே விட்டு மேற்பரப்பைத் துருவேற்றுவார்கள். அதன்மேல் வேறு கோணத்தில் இன்னொரு படலம். அந்த ஆக்சைடு சில அணு அடுக்குகள் தடித்தாலும் மெலிந்தாலும் சந்தி வழியே பாயக்கூடிய மின்னோட்டம் பல மடங்கு மாறிவிடும். மின்னோட்டம் மாறினால் கியூபிட்டின் அதிர்வெண்ணும் மாறும். ஒரே நாளில், ஒரே கலத்தில், ஒரே கையால் செய்த இரண்டு சந்திகள்கூட ஓரிரு விழுக்காடு வேறுபடுவது வழக்கம். சந்தி செய்யும் முறை ஆய்வுக் கட்டுரைகளில் தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. அதைப் படித்தவர் எல்லோருக்கும் நல்ல சந்தி அமைந்துவிடுவதில்லை. எந்தக் கலத்தில் எவ்வளவு அழுத்தத்தில் எத்தனை நிமிடம் ஆக்சிஜன் விட வேண்டும் என்பது அந்தக் கலத்தோடு பல மாதம் பழகியவருக்கே தெரியும்.

அடுத்தது குளிர். இந்தக் கியூபிட்கள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அளவில், நுண்ணலை எனப்படும் மைக்ரோவேவ் வட்டாரத்தில் இயங்குகின்றன. அந்த அதிர்வெண்ணின் ஒற்றைத் துணுக்கு ஆற்றலை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் ஏறக்குறைய 0.24 கெல்வின். கியூபிட் இருக்கும் இடம் அதைவிட மிகக் குளிர்ந்திருக்காவிட்டால் வெப்பமே அதன் நிலையை மாற்றிவிடும். எனவே 10 முதல் 20 மில்லி கெல்வின் வரை இறக்குகிறார்கள். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியின் வெப்பநிலை 2.7 கெல்வின், நம் சில்லு அதைவிட நூறு மடங்குக்கு மேல் குளிர்ந்திருக்க வேண்டும். ஹீலியம்-3, ஹீலியம்-4 என்ற இரண்டு ஓரிடத்தான்களைக் கலந்து குளிர்விக்கும் நீர்த்தல் குளிர்கலன் இதைச் செய்கிறது. அதன் அழுத்தி சுமார் 10 கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். 20 மில்லி கெல்வினில் அது வெளியேற்றும் வெப்பமோ பத்துப் பதினைந்து மைக்ரோவாட் மட்டுமே. குழுவுக்குக் கிடைக்கும் வெப்பக் கணக்கு அவ்வளவுதான். உள்ளே ஒரு கம்பியைக் கூடுதலாக இறக்கினாலும் அந்தக் கணக்கில் கழியும்.

கம்பிகள் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கியூபிட்டுக்குக் கட்டளை அனுப்பவும் விடையைப் படிக்கவும் அவை வேண்டும். ஆனால் அறை வெப்பநிலையில் உள்ள கருவியின் வெப்ப இரைச்சலும் அதே கம்பி வழியே இறங்கும். ஆகவே வழியில் 4 கெல்வின் தட்டில் ஒன்று, 100 மில்லி கெல்வின் தட்டில் ஒன்று, அடித்தட்டில் ஒன்று என்று தணிப்பான்களை வைத்து, இறங்கும் குறிகையை மொத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பார்கள். இரைச்சலும் சேர்ந்தே குறையும். திரும்பி வரும் விடை சில நுண்ணலைத் துணுக்குகள் அளவே இருக்கும். திருமண மண்டபத்தில் நாதசுரமும் தவிலும் முழங்கும்போது மறுகோடியில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்கும் வேலை அது. அதைக் கேட்கத்தக்கதாக்கும் பெருக்கியும் ஜோசப்சன் சந்தியால் ஆனதே. அது தன் பங்குக்குக் கூட்டும் இரைச்சல், குவாண்டம் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவை நெருங்கி நிற்க வேண்டும்.

இந்தப் பெருக்கியில்தான் மும்பைக் குழுத் தலைவர் ராஜாமணி விஜயராகவனின் கதை தொடங்குகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்த அவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மிஷேல் டெவோரேயிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். 2008இல் அவர் முடித்த ஆய்வு, ஜோசப்சன் சந்தியைக் கொண்டு நலிந்த குவாண்டம் குறிகையைப் பெருக்கும் கருவி பற்றியது. பிறகு பெர்க்லியில் இர்ஃபான் சித்திக்கியின் ஆய்வகம். 2011இல் மீக்கடத்தி கியூபிட் ஒன்று ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை நேரடியாகப் பதிவு செய்த கட்டுரையிலும், 2012இல் கியூபிட்டை அளந்துகொண்டே அதைத் தடம் புரளாமல் திருத்தி நிறுத்திய நேச்சர் இதழ்க் கட்டுரையிலும் முதல் ஆசிரியர் அவரே. அந்த 2012இல்தான் மும்பைக்கு வந்து டாடா கழகத்தில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார்.

அவருடைய ஆசிரியர் டெவோரேக்கு 2025இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜான் கிளார்க், ஜான் மார்டினிஸ் இருவரோடும் பகிர்ந்துகொண்ட பரிசு. 1984, 85ஆம் ஆண்டுகளில் பெர்க்லியில் கிளார்க் பேராசிரியர், டெவோரே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர், மார்டினிஸ் மாணவர். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்று முழுவதும் ஒற்றைக் குவாண்டம் பொருளாக நடந்துகொள்ளும் என்று மூவரும் காட்டினார்கள். அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தாமிரத் தூள். வெளியிலிருந்து கம்பி வழியே நுழையும் நுண்ணலை இரைச்சலை அடக்க, தாமிரத் தூள் நிரப்பிய குழல்களைச் செய்து வடிகட்டியாக வைத்தார்கள். கோட்பாடு தெரிந்தவர்கள் உலகில் வேறு பலரும் இருந்தார்கள். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொரு கம்பியாகச் சந்தேகப்பட்டுத் தேடும் பொறுமைதான் அந்தச் சோதனையை வெல்ல வைத்தது. அந்த வகை வடிகட்டிகள் இன்றும் குவாண்டம் ஆய்வகங்களில் பயனில் உள்ளன. டெவோரேயின் மாணவர்கள் அவரிடம் சமன்பாடுகளோடு இந்தப் பொறுமையையும் சேர்த்துக் கற்றார்கள் என்றே நான் எண்ணுகிறேன். வன்பொருள் அறிவு இப்படித்தான் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது.

மும்பையில் புதிதாக ஓர் ஆய்வகம் தொடங்குகிறவர் முன் இருந்த நிலைமையை எண்ணிப் பாருங்கள். யேலிலும் பெர்க்லியிலும் சாண்டா பார்பராவிலும் ஏற்கெனவே வேரூன்றிய குழுக்கள். கூகுள் 2014இல் மார்டினிஸின் பல்கலைக்கழகக் குழுவைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. 2019இல் அந்தக் குழு 53 கியூபிட் சிகமோரை உலகுக்குக் காட்டியது. கியூபிட் எண்ணிக்கையில் இவர்களைத் துரத்தினால் மும்பைக் குழு ஆயுள் முழுதும் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். விஜயராகவன் அந்த ஓட்டத்தில் இறங்கவில்லை. கியூபிட்டின் வடிவத்திலேயே புதிதாக ஏதாவது செய்ய முடியுமா என்று தேடினார்.

அப்படிப் பிறந்தது டிரைமான். நான்கு ஜோசப்சன் சந்திகளை ஒரு வளையமாக இணைத்தால், அந்த ஒரே சுற்றுக்கு மூன்று தனித்தனி அதிர்வு முறைகள் அமையும். ஒவ்வொன்றும் ஒரு கியூபிட். ஒன்றின் அதிர்வெண் மற்ற இரண்டும் எந்த நிலையில் உள்ளன என்பதைப் பொறுத்து நகரும். இது சிறிய வசதி இல்லை. வழக்கமான செயலிகளில் மூன்று கியூபிட்கள் சேர்ந்து செய்யும் ஒரு செயலைப் பல இரு-கியூபிட் செயல்களாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை கூடும். டிரைமானில் சரியான அதிர்வெண்ணில் ஒரே நுண்ணலைத் துடிப்பை அனுப்பினால் போதும். இந்த வடிவமைப்பை விவரிக்கும் கட்டுரை 2017இல் வந்தது. முதல் ஆசிரியர் தனய் ராய் அப்போது அந்த ஆய்வகத்தின் மாணவர். மூன்று கியூபிட்தானே என்று தோன்றலாம். மும்பையிலிருந்து வந்ததால் மட்டும் பேசப்பட்ட மூன்று இல்லை அவை. உலகில் எங்கு செய்திருந்தாலும் கவனித்திருக்க வேண்டிய மூன்று.

பிறகு வந்த ஆறு கியூபிட் செயலியும் இதே பாதையில் அமைந்தது. கியூபிட்களை வரிசையாகவோ கட்டம் கட்டமாகவோ அடுக்கினால் ஒவ்வொன்றும் அடுத்திருப்பதோடு மட்டுமே பேசும். டாடா கழகத்தில் உருவான வளைய ஒத்ததிர்வி அமைப்பில் கியூபிட்கள் ஒரு வளையத்தைச் சுற்றி இணைகின்றன. பக்கத்தில் இல்லாதவற்றோடும் தொடர்பு கிடைக்கிறது. 2024 அறிவிப்பு வேலைப் பிரிவினையையும் விளக்கியது. கியூபிட்களின் வடிவமைப்பும் ஆக்கமும் டாடா கழகத்தில். கட்டுப்பாட்டு மின்னணுவியல் புனே ஆய்வகத்தில். அதில் பெரும்பகுதி சந்தையில் கிடைக்கும் கருவிகளும் தாங்களே நிரல் எழுதிப் பொருத்திய பலகைகளும். மென்பொருள் இடைமுகம் டி.சி.எஸ். வசம். உலகில் வேறெங்கும் கிடைக்காத பகுதியைக் கையில் வைத்துக்கொண்டார்கள், கடையில் கிடைப்பதை வாங்கினார்கள், மென்பொருளில் தேர்ந்தவர்களிடம் மென்பொருளைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும், எல்லாவற்றையும் வாங்கிவிடலாம் என்ற சோம்பலும் இல்லாத இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். புனே ஆய்வகத்தைப் பற்றியும் ஒரு சொல். 2020இல் டி.ஆர்.டி.ஓ. தொடங்கிய ஐந்து இளம் விஞ்ஞானிகள் ஆய்வகங்களில் அது ஒன்று. தலைவர் உட்பட எல்லோரும் 35 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை விதி.

இத்தகைய குழுவின் அன்றாடத்தில் தலைவர் எடுக்கும் முடிவுகளில் மிகக் கடினமானது எது? குளிர்கலனைத் திறக்கலாமா, வேண்டாமா என்பதே. ஒரு கியூபிட் எதிர்பார்த்த நேரம் வரை தன் நிலையைத் தக்கவைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சில்லில் குறையா, இணைப்பில் குறையா, தணிப்பான் ஒன்று தளர்ந்துவிட்டதா, பொருளுக்குள் ஒளிந்திருக்கும் நுண்குறை ஒன்று இன்று மட்டும் குறுக்கிடுகிறதா? கடைசியாகச் சொன்னது நாளைக்குத் தானாக விலகிப் போகவும் கூடும். திறந்து பார்த்தால் தெரியும். ஆனால் கலத்தைச் சூடாக்கி, பிரித்து, சரிசெய்து, மூடி, மறுபடி குளிர்விக்கப் பல நாள் பிடிக்கும். சூடாகிக் குளிர்ந்த பின் நன்றாக இருந்த மற்றக் கியூபிட்களின் அதிர்வெண்ணும் சற்று மாறியிருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். திறக்காமல் இருந்தால் ஒரு மாணவரின் ஆய்வு நிற்கும். திறந்தால் இன்னொரு மாணவர் பாதியில் வைத்திருக்கும் அளவீடு பாழாகும். கருவியைப் பற்றிய முடிவு என்று வெளியே தெரிவது உள்ளே இரண்டு இளைஞர்களின் ஓராண்டு உழைப்பைப் பற்றியதாக இருக்கும். இதை நியாயமாகத் தீர்க்கத் தெரியாத தலைவரிடம் குழு நீடிப்பதில்லை.

குழு நீடிப்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாணவர் சந்தி செய்வதில் தேர்ச்சி பெற மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதன்பின் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தனய் ராயே பின்னர் அமெரிக்கா சென்று சிகாகோவிலும் ஃபெர்மி ஆய்வகத்திலும் பணியாற்றினார். இதை இழப்பு என்று மட்டும் பார்க்கக் கூடாது. விஜயராகவனும் அப்படிப் போய்த் திரும்பியவர்தாம். ஆனால் போகிறவரின் கையில் இருந்த அறிவு அடுத்தவருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கலத்தருகே இருவர் சேர்ந்து நிற்கும் வழக்கம், தோற்ற சந்திகளையும் விடாமல் எழுதிவைக்கும் குறிப்பேடு, பட்டத்தை எதிர்பார்க்காமல் நிரந்தரமாகப் பணிபுரியும் ஒரு தொழில்நுட்பர்: இவை இருக்கும் ஆய்வகம் தலைமுறை தாண்டும். பணம் நிறைந்த இடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. சிகமோருக்குப் பிறகு ஓராண்டுகூட ஆகவில்லை, 2020இல் மார்டினிஸ் கூகுளை விட்டு விலகினார். அவர் கட்டியெழுப்பிய குழு கலையவில்லை. 2024 டிசம்பரில் அது 105 கியூபிட் வில்லோவை வெளியிட்டது. கியூபிட்களைக் கூட்டக் கூட்ட, திருத்திய பிறகு எஞ்சும் பிழை குறையும் என்று அதில் காட்டியது.

இந்தியா 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குவாண்டம் கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமைந்தன. இந்தப் பயணத்தின் வேரில் ஒரு தமிழர் இருப்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். இந்தியாவில் ஹீலியத்தைத் திரவமாக்கும் கருவி முதன்முதலில் நிறுவப்பட்டது 1950களின் தொடக்கத்தில், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். அதன் அன்றைய இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். குளிர் இயற்பியலில் அன்று போட்ட முதலீடு இன்றைய குவாண்டம் ஆய்வகங்களுக்கு அடித்தளமாக இருக்கிறது.

இனி நம் பக்கம். ஜொகூர் நீரிணையின் அக்கரையில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. 2024 மே மாதம் சிங்கப்பூர் தன் தேசிய குவாண்டம் உத்தியை அறிவித்து, ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 300 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியது. சொந்தமாகக் குவாண்டம் செயலி செய்யும் முயற்சியும் அதில் அடங்கும். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. ரப்பரும் செம்பனையும் நின்ற கூலாய் மண்ணில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. அந்தக் கட்டடங்கள் நமக்கு நிலவாடகையும் காவலர் வேலையும் மட்டும் தந்தால் போதும் என்று நாம் இருந்துவிடக் கூடாது.

ஏனென்றால் குவாண்டம் வன்பொருளுக்கு வேண்டிய கைகள் இங்கே ஏற்கெனவே இருக்கின்றன. குவாண்டம் சில்லை அதன் பெட்டியோடு இணைப்பது தலைமுடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பி. அதை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக ஒட்டவைக்கிறார்கள். சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைகள் பலவற்றில் கம்பி இணைப்பு அன்றாட வேலை. மூவாரில் எஸ்.டி.மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் ஆலை 1974 முதல் இருக்கிறது. சில்லு உறையிடும் கைத்திறன் ஐம்பதாண்டாக இந்த மாநிலத்தில் ஊறிக் கிடக்கிறது. வெற்றிடக் குழாய்களைக் கசிவின்றிப் பொருத்துகிறவர், குளிரூட்டு நீர்ச் சுற்றைப் பராமரிக்கிறவர், நுண்ணலைக் கருவியை அளவிடத் தெரிந்தவர், ஒரு மின்னணுப் பலகைக்கு நிரல் எழுதுகிறவர்: புனேயிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் குவாண்டம் குழுக்கள் தேடுவது இவர்களையும் சேர்த்துத்தான். குழுவில் கோட்பாட்டு இயற்பியலாளர் ஒருவர் இருந்தால், அவர் எழுதுவதைப் பொருளாக்கிக் காட்ட இப்படிப் பலர் வேண்டும்.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை குவாண்டம் கணினியைப் பற்றிக் கேட்டால், அது மேதைகளின் துறை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பாசிர் கூடாங்கில் இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக் இருக்கிறது. மின்னணுவியலையோ பொருளறிவியலையோ குளிர்பதனத்தையோ எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போதே அக்கரை ஆய்வகங்களில் பயிற்சி இடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் இரண்டாவதை எழுத உடனிருந்து உதவுங்கள்.